மூத்தவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்

எங்கள் பெரியத்தானிடம் யாரும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. தெரியாத்தனமாகக் கேட்டவர்கள் பட்ட பாடு தெருவுக்கே தெரியும். மற்றவர்கள் என்றால் "ஏதோ இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் நின்றுவிடுவார். குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்வார். சௌக்கியமாகத்தான் இருக்கிறோமா என்று நிஜமாகவே யோசிப்பார். அதற்குள் கேட்டவருடைய பஸ் போயிருக்கும்.

பெரியத்தான் என்பது என் கணவரின் அண்ணன், சுயம்புலிங்கம். தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கடை. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகும் சந்து ஒன்றில் வீடு. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

என் பெயர் இசக்கியம்மாள். உடன்குடிப் பக்கம் பிறந்தவள். அவசரக்காரி. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குக்கூட எனக்குப் பொறுமை கிடையாது. என் வீட்டுக்காரர் கருணாகரன் எனக்கும் மேலே. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், மீதியை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லி முடிப்பார். இப்படிப்பட்ட இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒரு யோசனைக்காரரை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட அவதியைக் கேட்கவே வேண்டாம்.

கடையில் ஒரு அம்மாள் சேலையைப் பிரித்துப் பார்த்து, "சாயம் போகுமா?" என்று கேட்பாள். ஜவுளிக்கடையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. "போகவே போகாதும்மா, நான் கேரண்டி." பெரியத்தான் சேலையின் ஒரு முனையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். விரலால் தேய்த்துப் பார்ப்பார். "யோசிக்கணும்மா, ஒங்க வீட்டுத் தண்ணி எப்படி?" என்பார். அம்மாள் சேலையை வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். தீபாவளி சமயத்தில் அண்ணனைப் பின்பக்கம் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார். பெரியத்தானுக்கு அதில் வருத்தமே கிடையாது. அங்கே உட்கார்ந்து யோசிப்பார்.

அவர் மனைவி சொர்ணம் அக்கா நல்ல மனுஷி. "தாலி கட்டுத நேரத்துல இந்த மனுசன் கையில எடுத்து வச்சிக்கிட்டு யோசிச்சிட்டாருன்னா என்ன செய்யன்னு எனக்கு ஒரே பயம் இசக்கி. எங்க அண்ணன் பின்னால நின்னு ஒரு குத்து விட்டான், அப்புறந்தான் கட்டுனாரு" என்று சொல்லிச் சிரிப்பாள். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். யோசித்துப் பேசுகிறவர் பக்கத்தில் இருப்பது லேசான காரியமில்லை. வாய்க்கு வந்ததை நான் ஏதாவது சொல்லிவைப்பேன். அதை அவர் ஒரு பொருளாக எடுத்துவைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். அப்போது எனக்கே சந்தேகம் வந்துவிடும், நான் சொன்னதில் ஏதாவது இருந்ததா என்று. பெரும்பாலும் ஒன்றும் இருந்திருக்காது. அதை ஒருவர் நமக்குக் காட்டிக்கொடுத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அறுபத்தொன்பதாம் வருஷம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். போவதிலும் அந்த அவசரம்தான். என் மகள் செண்பகம் அப்போது இரண்டாம் வகுப்பு.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கையோடு ஒரு வார்த்தை கொண்டுவந்தார்கள். விதி என்றார்கள். கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்றார்கள். அழுது தீர்த்துவிடு என்று சிலர், அழாதே என்று சிலர். பெரியத்தான் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. தம்பியின் செருப்பு கிடந்த வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால்கூடக் காதில் விழவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் ஆண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். எங்கள் குடும்பத்தில் அதுதான் முறை. அன்றைக்குத்தான் இறந்தவனுடைய பெண்டாட்டி பிள்ளைகள் எங்கே இருப்பது என்று முடிவாகும். அந்த வீட்டு மூத்த ஆண்பிள்ளை வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் சொல்வதுதான் வார்த்தை. அவர் சொல்லாமல் வேறு யார் சொன்னாலும் அது செல்லாது. சொன்ன பிறகு அதை மாற்றவும் முடியாது.

எங்கள் மாமியாரின் அண்ணன் ராஜரத்தினம் மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். முறை, வழக்கம் என்றால் உயிரை விடுவார். என்னையும் செண்பகத்தையும் என் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போக ரயில் டிக்கெட்டோடு வந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் எழும்பூரில் வண்டி. என் டிரங்குப் பெட்டியை அவர் சொல்லிச் சொர்ணம் அக்கா அடுக்கியும் வைத்துவிட்டாள்.

அண்ணன் வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணி அடுப்படியில் ஒரு மூலை. செண்பகம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவாள். பிறகு அண்ணி பிள்ளைகளைத் தூக்கிச் சுமப்பாள். நானும் அவளும் அந்த வீட்டில் வேலைக்காரிகளுக்கு ஒரு படி மேலே, சொந்தக்காரர்களுக்கு ஒரு படி கீழே. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் பிழைப்பு பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயில் இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கிற வழக்கம் இல்லை.

"ஏல சுயம்பு, நீதான மூத்தவன். ஊருக்குப் போகட்டும்னு ஒரு வார்த்த சொல்லிரு" என்றார் ராஜரத்தினம் மாமா.

பெரியத்தான் யோசித்தார். கூடத்தில் விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை ஒருவர் எடுத்து, மறுபடி வைத்தார்.

"யோசிக்கணும் மாமா" என்றார் பெரியத்தான்.

"இதுல யோசிக்க என்னல இருக்கு?"

அந்தக் கேள்வியையும் பெரியத்தான் யோசித்தார். "நெறைய இருக்கு" என்றார்.

துக்கத்துக்கு வந்திருந்த என் அண்ணன் மெதுவாக, "மாமா, நீங்களே பெரியவுக. நீங்க சொல்லிருங்களேன்" என்றான்.

ராஜரத்தினம் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்படி? நான் தாய்மாமன். வீட்டு மூத்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் சொன்னா முறையா? முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

மறுநாள் சாயங்காலம் வண்டி புறப்படும் நேரம் வரைக்கும் மூத்தவர் யோசித்துக்கொண்டிருந்தார். மாமாவும் என் அண்ணனும் மட்டும் ஊருக்குப் போனார்கள். என் டிக்கெட் வீணாய்ப் போயிற்று.

நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டாரே என்று கொதித்தேன். போ என்றால் அழுதுகொண்டே போயிருப்பேன், இரு என்றால் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் இது என்ன பிழைப்பு? பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். மாற்றுச் சேலை வேண்டுமென்றால் அதிலிருந்து எடுப்பேன், துவைத்துக் காயவைத்து மறுபடி அதிலேயே வைப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. முடிவு வரும்வரை பிள்ளை சும்மா இருப்பானேன் என்று செண்பகத்தைப் பழைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினேன். தீபாவளி வந்தது. தம்பி இல்லாத கடையில் பெரியத்தான் ஒவ்வொரு சேலையாக யோசித்துக்கொண்டிருக்க, கூட்டம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. முடிவு வரும்வரைதானே என்று நான் போய் நின்றேன். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து சேலை பிரித்துப் போட்டேன். என் வாய் அன்றைக்குத்தான் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

தீபாவளி போயிற்று, பொங்கல் வந்தது. நான் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தேன்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வருவார். ஒரு நாள் கத்திரிப்பூக் கலரில் ஒரு சுங்குடியை எடுத்து, "நீ சொல்லுடியம்மா, சாயம் போகுமா? மத்தவாள்லாம் வாய் கூசாம பொய் சொல்றா" என்றார். போகவே போகாது என்று சொல்ல வாயைத் திறந்தவள் எதனாலோ நின்றேன். பெரியத்தான் செய்வதுபோல் முனையை வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு விரலால் தேய்த்தேன். "முதல் ரெண்டு தண்ணிக்குப் போகும் மாமி. உப்புத் தண்ணில ஊறப்போட்டுத் தனியா அலசுங்க. அப்புறம் நிக்கும்" என்றேன். மாமி அந்தச் சேலையையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் தங்கையை அழைத்து வந்தார். பெரியத்தான் யோசித்து விரட்டிய வாடிக்கை, அதே யோசனையை நான் கொஞ்சம் சுருக்காகச் செய்ததும் திரும்பி வந்தது.

ராஜரத்தினம் மாமா நல்ல நாள் பொல்லாத நாள் எல்லாவற்றுக்கும் வந்தார். வந்த உடனே செருப்பைக் கழற்றுமுன் கேட்பார், "என்னல, முடிவு பண்ணிட்டியா?"

"யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன் மாமா."

நான் கடைக்குப் போவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. "தாலியில்லாத பொம்பள எடுத்துக் குடுத்தா கல்யாணப் பட்டு எவன் வாங்குவான்? வெளங்குமா?" என்று கூடம் அதிரக் கத்தினார்.

"அதயும் யோசிக்கணும் மாமா" என்றார் பெரியத்தான். அவர் யோசித்துக்கொண்டிருக்க, நான் மறுநாளும் கடைக்குப் போனேன். பெரியத்தான் அதைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் நான் எத்தனையோ முகூர்த்தப் பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டேன். எடுத்தவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறார்கள்.

அப்புறம் எழுபத்திரண்டில் ஒரு தடவை மாமா படுக்கை மூட்டையோடு வந்து இறங்கினார். "இந்தத் தடவ முடிவு தெரியாம நான் வண்டி ஏற மாட்டேன்" என்றார். என் அண்ணனையும் கூடவே கூட்டி வந்திருந்தார். செண்பகத்தைப் பார்த்து, "பொட்டப்புள்ள வளந்துட்டா. இனிமே பட்டணத்துல வச்சிருக்கப்படாது" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே கூடத்தில் பாய் விரிப்பதாகப் பேச்சு.

யாருடைய யோசனைக்கும் ஒரு முடிவு உண்டு. மாமா இப்படிக் கழுத்தைப் பிடித்தால் பெரியத்தான் என்ன செய்வார்? போகட்டும் என்று தலையாட்டிவிட்டால்?

காலையில் கடை திறக்கும்முன் பெரியத்தான் பனகல் பார்க்கில் உட்கார்ந்திருப்பார். கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் ரிக்‌ஷாக்காரர் நாகராஜ் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். "பெரியவர் பார்க்குல இருக்காரா?" என்று கேட்டேன்.

"சிலையாட்டம் குந்திகினு கீறாரும்மா. வண்டில வர்றியா நைனான்னு கேட்டேன். இன்னும் யோசிச்சிகினே கீறாரு" என்றார் நாகராஜ். "இன்னாம்மா, மூஞ்செல்லாம் ஒரு மாரி கீது? ஏறு, நான் இட்டுகினு போறேன்."

கணவரின் அண்ணனுக்கு எதிரே நின்று நான் அதுவரை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன், அதுவும் சொர்ணம் அக்கா மூலமாக. அன்றைக்குப் பார்க்கில் கதவு ஏது? நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"போன்னா போறேன், இருன்னா இருக்கேன். ரெண்டுல ஒண்ணு சொல்லித் தொலைங்க பெரியத்தான்! இப்படி வச்சிக் கொல்லாதீங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. பெஞ்சில் ஒரு ஓரமாக நகர்ந்துகொண்டார். நான் உட்காரவில்லை. அவர் யோசித்தார். நான் நின்றேன்.

"தம்பி போன அன்னைலருந்து இததான் யோசிக்கேன்" என்றார் கடைசியில். "அவன் எதையும் எங்கிட்ட கேக்க மாட்டான். எல்லாம் சட்டுன்னு செஞ்சிருவான். அவன் இருந்தா ஒன்ன எங்க இருக்கச் சொல்லுவான்னு யோசிச்சேன். தெரியல. ஊர்ல ஒங்க அம்மா ஒன்னத் தேடிக்கிட்டு கெடக்கா, அதயும் யோசிச்சேன். புள்ள படிப்பு, கடை, ஊர் பேச்சு, எல்லாத்தயும் யோசிச்சேன். எந்தப் பக்கமாப் போனாலும் ஒரே எடத்துல வந்துதான் முட்டுது. இது எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய பதில் இல்லம்மா. ஒனக்குத்தான் தெரியும். ஒனக்கு எங்க இருக்கணும்?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது ஒன்று நடந்தது. அவசரக்காரியான என் வாயில் பதில் வரவில்லை. மூன்று வருஷமாக இங்கேதான், இங்கேதான் என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தவள், ஒருவர் கேட்டதும் திகைத்து நின்றேன். பிறந்ததிலிருந்து யாரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் வைத்திருப்பேன்? பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அவசரம் இல்லம்மா" என்றார் பெரியத்தான்.

பார்க்குக்கு வெளியே பஸ்கள் போயின. நாகராஜ் வண்டியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பீடி குடித்தார். என் அம்மாவை நினைத்தேன். தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை நினைத்தேன். சுங்குடிச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த என் கையை நினைத்தேன். செண்பகம் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கும் குரலை நினைத்தேன். யோசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிப்பது எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை, கனைக்கவில்லை, "ம்" என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அம்மாவையும் இங்கே கூட்டிவந்துவிடலாம் என்பதுகூடத் தெரிந்துவிட்டது.

"கிடைச்சுட்டுது பெரியத்தான்" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். பதில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் கூடத்தில் பாய் விரித்தார்கள். "சுயம்பு, இன்னைக்கு வார்த்த சொல்லுத" என்றார் ராஜரத்தினம் மாமா.

"சொல்லிருதேன் மாமா" என்றார் பெரியத்தான். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. சொர்ணம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இசக்கியம்மா என்ன சொல்லுதாளோ அதுதான் என் வார்த்த. இனிமே மாத்தம் இல்ல."

மாமாவுக்கு மறுக்க வழியில்லை. மூத்தவன் சொன்னால் சொன்னதுதான் என்று ஆயுசு முழுக்க ஊருக்குச் சொன்னவர் அவர். மெதுவாக அடுப்படிக் கதவைப் பார்த்தார். நான் வெளியே வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றேன்.

என் அண்ணன் முகம் ஏற்கனவே கறுத்திருந்தது. இருக்கிறேன் என்று நான் சொன்னால் அவனும் மாமாவும் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பார்கள், எப்படி என்பார்கள், ஊர் என்ன பேசும் என்பார்கள். விடிய விடிய என் வார்த்தையைப் பிய்த்துப் போடுவார்கள். ஆனால் அந்தக் கூடத்தில் யாராலும் பிய்க்க முடியாத வார்த்தை ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக என்னையும் என் பிள்ளையையும் காப்பாற்றிய வார்த்தை அது.

"யோசிக்கணும் மாமா" என்றேன்.

ராஜரத்தினம் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். சொர்ணம் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பெரியத்தான் என்னைப் பார்த்தார். நான் சொன்னதையும் வழக்கம்போல் எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தார். "நல்லது. நல்லா யோசிக்கட்டும்" என்றார்.

அன்று ராத்திரி பெட்டியைக் காலி செய்து பரணில் போட்டேன்.

வேண்டுமென்றே செய்தாரா, நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தாரா என்று பிறகு சொர்ணம் அக்காவிடம் கேட்டேன். "அவ்வளவு சூது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டி இப்படி இருக்கேன்? நெசமாத்தான் யோசிச்சிருப்பாரு" என்றாள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தந்திரம் செய்து என்னைக் காப்பாற்ற யாராவது கிடைத்திருக்கலாம். என் வாழ்க்கையை இத்தனை நாள் யோசிக்கத் தகுந்த ஒரு விஷயமாக நினைத்தவர் இவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் அது ஒரு ரயில் டிக்கெட். அவருக்கு நான் பட்ட கடன் தீராது, தீர்க்கவும் எனக்கு ஆசையில்லை.

இப்போது எழுபத்தொன்பதாம் வருஷம். செண்பகம் மயிலாப்பூருக்குப் பஸ்ஸில் காலேஜ் போகிறாள். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். போன மாதம் ராஜரத்தினம் மாமா கண் ஆபரேஷனுக்காக வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினார். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவருக்கு நான்தான் கஞ்சி கொடுத்தேன். குடித்து முடித்து, "யாரு, இசக்கியா?" என்றார். "ஆமா மாமா." வாயைத் துடைத்துக்கொண்டு, "முடிவு பண்ணிட்டியாம்மா?" என்றார்.

"இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன் மாமா" என்றேன். படுத்தபடியே சிரித்தார். "யோசி, யோசி" என்றார்.

பெரியத்தான் கடையில் இப்போது என் பக்கத்தில்தான் உட்காருகிறார், சரக்கு அறையில் இல்லை. தினமும் காலையில் நான் அவரிடம், "சௌக்கியமா பெரியத்தான்?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு ஓடிவிடுவதில்லை, நிற்கிறேன். சில நாள் வாடிக்கைக்காரர்கள் வந்துவிடுவார்கள், சில நாள் மறந்தேபோகும். நேற்றுக் கேட்டதற்கு இன்று மத்தியானம், நான் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருக்கும்போது பதில் சொன்னார்.

"சௌக்கியந்தாம்மா."